எழுபத்திரண்டில்

எழுபதுவரை ஒன்றுமில்லை.
எழுபத்திரண்டில் கண்ணாடி கலங்கும்,
பின்னால் வரும் லாரிக்கு நான்கு விளக்கு முளைக்கும்.
எண்பத்தைந்தைத் தாண்டினால்
ஒன்றுமே நடக்காதது போல் தெளிந்துவிடும்.

"நடுக்கம்னு சொல்ல முடியாது," என்றார் ஹஃபீஸா டாக்டர்.
"காதுல கேக்கல. கடைவாய்ப் பல்லுல கேக்குது."
காது மூக்கு தொண்டை பார்ப்பவர்.
பல்லைச் சொன்னதால் நம்பினேன்.

வண்டி அறுபத்தாறாம் வருஷத்து எம்ஜி.
இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாம் ஆள் வெயில்.
ஈக்காட்டுத்தாங்கலில் என் ஷெட்டுக்குள் அது நுழைந்தால்
பக்கத்து லேத்துப் பையன்கள்
இரும்புத்தூள் பனியனோடு வந்து நிற்பார்கள்.

முதல் ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணி.
நீலாங்கரை தாண்டி வேகம் பிடித்து
எழுபத்திரண்டில் கிளட்சை மிதித்தேன்.
எஞ்சின் முனகல் இறங்கிற்று, நடுக்கம் இறங்கவில்லை.
நியூட்ரலில் விட்டேன்.
அப்போதும் கூடவே உருண்டு வந்தது
தவணைக்காரன் போல.
ஆக, எஞ்சின் இல்லை. கிளட்ச் இல்லை.
பேலன்ஸ் போட்ட சக்கரங்களை மறுபடி பேலன்ஸ் போட்டு
முன்னதைப் பின்னுக்கு, பின்னதை முன்னுக்கு.
அது அசையவில்லை.
அதாவது, அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் ஞாயிறு ஒரு ஹோஸ் கிளிப்.
பிரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் எண் எழுதி
திருகின் தலையைப் பன்னிரண்டில் வைத்து ஓர் ஓட்டம்,
மூன்றில், ஆறில், ஒன்பதில்.
அக்கரைக்கும் முட்டுக்காடு பாலத்துக்கும் நடுவே
டீக்கடைக்காரர் எங்களை எண்ணத் தொடங்கினார்.
"எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா தம்பி?"

யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்:
டயர்க்காரனை. வேளச்சேரிப் பள்ளங்களை.
புதுப்பேட்டையில் யூ-ஜாயிண்ட் விற்ற மஸ்தானை.
கிளட்சிலேயே குடியிருக்கும் டாக்டரின் இடது காலை.

மூன்றாம் ஞாயிறு செலின்
தன் போனைக் கியர் மேட்டின்மேல் டேப் போட்டு ஒட்டினாள்.
திரையில் இரண்டு கோடு, ஒன்று புல், ஒன்று பனை.
"ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ரெண்டு வாட்டி அடிக்குதுண்ணா.
எடைக் கோளாறுன்னா ஒரு வாட்டிதானே அடிக்கணும்."
அதற்குமேல் பேசவில்லை.
எனக்குப் புரிந்தது என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

ராம்ப்பில் ஏற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
கிரீஸ் உரிய உரிய இரண்டு அம்புக்குறிகள்.
நேருக்கு நேர் பார்க்க வேண்டியவை
ஒரு பல் தள்ளி,
கோபித்துக்கொண்ட சம்பந்திகள்
கல்யாணப் போட்டோவில் நிற்பது போல.
பக்கத்திலேயே நான்கு போல்ட்டிலும் மஞ்சள் பெயிண்ட்:
நான் முறுக்கியதற்கு நான் வைக்கிற பொட்டு.

பிப்ரவரி.
யாரோடோ போனில் கத்திக்கொண்டே மாட்டினேன்.
யாரோடு என்பது மறந்துவிட்டது.
கை மட்டும் ஒரு பல் தள்ளி எழுதிவைத்திருக்கிறது.

உருவி, திருப்பி, செருக இருபது நிமிடம்.

"என்னதான் கோளாறு?" என்றார் டாக்டர்.
"யோக் திரும்பியிருந்துச்சு," என்று ஆரம்பித்தேன்,
ராத்திரியில் புரண்டு படுத்துவிட்டது போல.
செலின் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.
"திருப்பி மாட்டிட்டேன். நான்தான்."
ம் இருந்த இடத்தில் ப்.
மூன்று ஞாயிறும் தேடியது அந்த ஓர் எழுத்தை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பெட்ரோல் காசை மட்டும் எண்ணி டூல் பெட்டிமேல் வைத்து
சாவியை எடுத்து, "ஏறுங்க" என்றார்.

எழுபது. எழுபத்தொன்று.
கண்ணாடியில் லாரியின் நெற்றி,
பொன்னியம்மன் துணை,
எழுத்துகள் இடம்வலம் மாறித்தான் இருந்தன,
ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக.
கீழே பாதி காய்ந்த ஓர் எலுமிச்சை.

எழுபத்திரண்டு.
டாக்டரின் கன்னம் உள்ளிருந்து லேசாகப் புடைத்தது.
நாக்கால் கடைவாய்ப் பல்லைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டார்.